இதய ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் உறைவதை எப்படி அளக்கிறார்கள்? ஐசியு-வில் தொடங்கி வீடு வரை தொடரும் கணக்கு

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது” என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஐசியு வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் நர்ஸ் வந்து, “பிளேட்லெட் தேவைப்படுது, டோனர் யாராவது இருக்காங்களா?” என்று கேட்பார்.

நல்லா முடிஞ்சதுன்னு சொன்னாங்களே, இப்போ எதுக்கு ரத்தம்? உள்ளே ஏதாவது ஆகிவிட்டதா? அந்த நேரத்தில் எல்லாக் குடும்பமும் பதறத்தான் செய்யும்.

பெரும்பாலும் இதயத்தில் கோளாறு எதுவும் இருக்காது. வால்வு மாற்றியாகிவிட்டது, தையலும் போட்டாகிவிட்டது. ஆனால் ஆபரேஷனுக்காக உறையும் தன்மை நிறுத்தி வைக்கப்பட்ட ரத்தம், இன்னும் தன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அது எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மணிக்கணக்கில் அளந்துகொண்டே இருப்பதுதான் ஐசியு-வில் முதல் நாள் நடக்கும் முக்கியமான வேலை. செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு அந்த அளவு வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

ரத்தத்தை ஏன் உறையவிடாமல் செய்கிறார்கள்?

இதயத்தைத் திறந்து செய்யும் ஆபரேஷனில், சில மணி நேரத்துக்கு இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது. ஹார்ட்-லங் மெஷின் என்பது அதைத்தான். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் 1953-ல் இப்படி ஒரு இயந்திரத்தை வைத்து முதன்முதலாக வெற்றிகரமாக ஆபரேஷன் செய்தார்.

உடம்புக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயைத் தொட்ட உடனே ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும். குழாய்க்குள் கட்டி விழுந்தால் மெஷின் நின்றுவிடும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் மெஷினில் இணைப்பதற்கு முன்பே ஹெப்பாரின் என்ற மருந்தை ஏற்றி ரத்தத்தை உறையாத நிலைக்குக் கொண்டுபோகிறார்கள். வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 18,000 முதல் 24,000 யூனிட் வரை.

இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் ‘பீட்டிங் ஹார்ட்’ பைபாஸில் இந்த மெஷின் இல்லை. ஆனாலும் ஹெப்பாரின் உண்டு, அளவு மட்டும் பெரும்பாலும் குறைவு.

தியேட்டருக்குள்ளே எண்ணும் விநாடிகள்

மருந்து கொடுத்தாகிவிட்டது, ஆனால் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒரே டோஸுக்கு எல்லா உடம்பும் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை. எனவே சில துளி ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள் உள்ள சின்னக் குழாயில் போட்டு, எத்தனை விநாடியில் உறைகிறது என்று மெஷின் எண்ணும். இந்த டெஸ்டுக்கு ஏ.சி.டி என்று பெயர்.

சாதாரணமாக இந்த டெஸ்டில் ரத்தம் சுமார் இரண்டு நிமிடத்தில் உறைந்துவிடும். ஹார்ட்-லங் மெஷினில் இணைக்க வேண்டுமென்றால் 400 விநாடிக்கு மேல் போக வேண்டும், பல மருத்துவமனைகள் 480-ஐத் தாண்டினால்தான் பச்சைக்கொடி காட்டும். மெஷின் ஓடும் நேரம் முழுக்க அரை மணிக்கொரு தடவையாவது இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

வேலை முடிந்ததும் ஹெப்பாரினை முறிக்க புரோட்டமின் என்ற மருந்து கொடுக்கப்படும். சால்மன் மீனின் விந்துவில் இருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது இது. ஹெப்பாரின் வருவதோ பன்றிக் குடலில் இருந்து. உலகின் அதிநவீன ஆபரேஷன் தியேட்டர் இன்றும் இந்த இரண்டையும்தான் நம்பியிருக்கிறது.

புரோட்டமின் கொடுத்ததும் ஏ.சி.டி பழைய எண்ணுக்கு இறங்கினால் மார்பை மூடுகிறார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. உடம்பின் திசுக்களில் ஒதுங்கியிருந்த ஹெப்பாரின் சில மணி நேரம் கழித்து மறுபடி ரத்தத்தில் கலக்கலாம். தியேட்டரில் சரியாக இருந்தவருக்கு ஐசியு-வில் ரத்தக்கசிவு தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐசியு-வில் முதல் அளவு, டிரெயின் பாட்டில்

மார்பில் இருந்து வரும் குழாய்கள் கட்டிலுக்குக் கீழே உள்ள ஒரு டப்பாவில் முடியும். அதில் மில்லி கணக்கில் கோடு போட்டிருக்கும். எந்த லேப் டெஸ்டுக்கும் முன்னால் நர்ஸ் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். மணிக்கு ஒருமுறை எழுதி வைப்பார்.

மணிக்கு 100 மில்லிக்குள் இருந்து படிப்படியாகக் குறைந்தால் நிம்மதி. ஒரே மணி நேரத்தில் 400 மில்லியை நெருங்கினாலோ, மணிக்கு 200 மில்லி என்று தொடர்ந்து ஓடினாலோ சர்ஜனுக்கு போன் போகும். இந்த வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும்.

கசிவு திடீரென்று நின்றுபோனாலும் சந்தேகம்தான். குழாய் அடைத்துக்கொண்டு, ரத்தம் உள்ளேயே தேங்கி இதயத்தை அழுத்தக்கூடும். பிபி இறங்கி, டிரெயினில் எதுவும் வராமல் இருந்தால் ஐசியு டாக்டர்கள் அதிகம் பயப்படுவார்கள்.

லேப் ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

அடுத்து லேப் டெஸ்டுகள். பிளேட்லெட் எண்ணிக்கை, பி.டி, ஏ.பி.டி.டி, ஃபைப்ரினோஜன் ஆகிய நான்கும் வழக்கமானவை.

பிளேட்லெட் சாதாரணமாக 1.5 லட்சத்தில் இருந்து 4.5 லட்சம் வரை இருக்கும். மெஷினில் ஓடிய ரத்தம் திரவத்தோடு கலந்து நீர்த்துப் போவதாலும், குழாயில் உரசி பிளேட்லெட் அழிவதாலும் இந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கோ, பாதியோ குறைவது சகஜம். ஒரு லட்சம் என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் டெங்கு நினைவில் குடும்பம் பயந்துவிடுகிறது. அந்த எண் மட்டும் ஆபத்தைக் காட்டாது. சில நாட்களில் தானாக ஏறிவிடும்.

எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் பிளேட்லெட் வேலை செய்யாமல் போகலாம் என்பதுதான் இதில் சிக்கல். ஆபரேஷனுக்கு முன் வரை குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிட்டவருக்கு 2 லட்சம் பிளேட்லெட் இருக்கும், ஆனால் ஒட்டாது. அதனால்தான் அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் அந்த மாத்திரையை 5 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். எந்த மாத்திரை, கடைசியாக எப்போது என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

பி.டி, ஏ.பி.டி.டி இரண்டும் ரத்தத்தில் உள்ள உறைதல் புரதங்களைச் சோதிப்பவை. ஏ.பி.டி.டி மட்டும் நீண்டிருந்தால் ஹெப்பாரின் மிச்சம் இருக்கிறதோ என்று முதலில் யோசிப்பார்கள். ஃபைப்ரினோஜன்தான் கட்டியின் நார். 200 முதல் 400 மில்லிகிராம் இருக்க வேண்டியது 150-க்குக் கீழே போய், கசிவும் இருந்தால் கிரையோ எனப்படும் ரத்தப் பொருளை ஏற்றுகிறார்கள்.

இந்த டெஸ்டுகளுக்கு இரண்டு குறைகள் உண்டு. ரிப்போர்ட் வர முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகிவிடும். கசிவு ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஒரு மணி நேரம் பழைய செய்தி. இன்னொன்று, லேபில் ரத்தத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் சோதிக்கிறார்கள். நோயாளியின் உடம்பு 34 டிகிரியில் குளிர்ந்து, அதனாலேயே ரத்தம் உறையாமல் இருந்தால் லேபுக்கு அது தெரியாது. நோயாளியின் மேல் சூடான காற்றுப் போர்வை போட்டிருப்பதைப் பார்க்கலாம். அதுவும் ரத்தக்கசிவுக்கான சிகிச்சைதான்.

படம் வரைந்து காட்டும் மெஷின்

இந்தக் குறைக்குப் பெரிய மருத்துவமனைகள் வைத்திருக்கும் பதில் டி.இ.ஜி, ரோட்டெம் என்ற மெஷின்கள். அடிப்படை யோசனை பழசு. 1948-ல் ஜெர்மனியின் ஹெல்முட் ஹார்ட்டெர்ட் வெளியிட்டது.

ஒரு சின்னக் கிண்ணத்தில் ரத்தம், அதற்குள் ஒரு ஊசி. இரண்டில் ஒன்று மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். ரத்தம் திரவமாக இருக்கும்வரை கிண்ணமும் ஊசியும் தனித்தனி. உறைய ஆரம்பித்ததும் நார்கள் இரண்டையும் பிணைக்கும். அந்தப் பிணைப்பின் பலத்தைத் திரையில் கோடாக வரைகிறது மெஷின்.

முதலில் ஒற்றைக் கோடு. பிறகு அது இரண்டாகப் பிரிந்து மேலும் கீழும் விரியும். படுக்க வைத்த சுரைக்குடுவை போல இருக்கும் படம். கழுத்து நீளமாக இருந்தால் உறையத் தொடங்கவே தாமதம், உறைதல் புரதம் குறைவு, எஃப்.எஃப்.பி தேவைப்படலாம். விரியும் வேகம் குறைவென்றால் ஃபைப்ரினோஜன் போதவில்லை. குடுவையின் வயிறு ஒல்லியாக இருந்தால் பிளேட்லெட்டோ ஃபைப்ரினோஜனோ குறைவு. விரிந்த குடுவை மறுபடி சீக்கிரம் சுருங்கினால், உண்டான கட்டி தானாகக் கரைகிறது. அதற்கு டிரானெக்சாமிக் ஆசிட் என்ற மருந்து இருக்கிறது.

பத்து, பதினைந்து நிமிடத்தில் ஆரம்பப் படம் கிடைத்துவிடும். எது குறைகிறதோ அதை மட்டும் ஏற்றலாம். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று நான்கு யூனிட் ஏற்றும் பழக்கத்தை இது குறைத்திருக்கிறது. தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் அலர்ஜி, நுரையீரல் கோளாறு போன்ற ஆபத்தோடுதான் வருகிறது. ஆனால் இந்த மெஷினிலும் ஓட்டை உண்டு. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளால் செயலிழந்த பிளேட்லெட்டை இதன் சாதாரண டெஸ்ட் கண்டுபிடிக்காது. அதற்குத் தனி டெஸ்ட் வேண்டும்.

எல்லாம் நார்மல், ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை

“டெஸ்ட் எல்லாம் நார்மல்” என்று கேட்டால் யாருக்கும் சந்தோஷம்தான் வரும். இதய ஆபரேஷன் முடிந்த இரவில் மட்டும் அதற்கு வேறு அர்த்தம் இருக்கலாம். ரத்தம் ஒழுங்காக உறைகிறது, ஆனாலும் டிரெயின் நிரம்புகிறது என்றால், எங்கேயோ ஒரு ரத்தக்குழாய் கசிகிறது அல்லது ஒரு தையல் விட்டிருக்கிறது என்று பொருள். எத்தனை யூனிட் ஏற்றினாலும் அது நிற்காது. தியேட்டருக்குத் திரும்பக் கொண்டுபோய் மார்பைத் திறந்து பார்ப்பதுதான் வழி.

நூற்றில் சிலருக்கு இது நடக்கிறது. மறுபடி ஆபரேஷனா என்று குடும்பம் தயங்குவது இயல்பு. ஆனால் இங்கே தாமதிப்பதுதான் உயிருக்கு ஆபத்து. டெஸ்டுகளின் பெரிய உபயோகமே, கோளாறு ரத்தத்திலா தையலிலா என்று பிரித்துச் சொல்வதுதான்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு வரும் ஆபத்து

முதல் நாள் பயம் ரத்தம் கசிவதில். அடுத்த சில நாட்களில் நிலைமை மாறிவிடும். காயத்துக்குப் பதிலாக உடம்பு ஃபைப்ரினோஜனை அதிகமாக உற்பத்தி செய்யும், பிளேட்லெட்டும் ஏறும். இப்போது ரத்தம் தேவைக்கு மேல் உறையப் பார்க்கும். பைபாஸ் செய்தவருக்குக் கசிவு அடங்கிய சில மணி நேரத்திலேயே ஆஸ்பிரின் தொடங்குவது, புதிதாக இணைத்த குழாயில் கட்டி விழாமல் இருக்கத்தான்.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஏறிக்கொண்டிருந்த பிளேட்லெட் 5 முதல் 10-வது நாளுக்குள் திடீரென்று பாதியாகக் குறைந்தால், அது ஹெப்பாரினுக்கு எதிராக உடம்பே உண்டாக்கிய எதிர்ப்பொருளாக இருக்கலாம். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும் என்றுதான் நாம் நினைப்போம். இதில் நேர் எதிர். கை, கால், நுரையீரல் என்று கட்டிகள் விழும். அப்போது ஹெப்பாரினை அடியோடு நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். வார்டுக்கு மாற்றிய பிறகும் பிளேட்லெட் டெஸ்ட் எடுப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

வீட்டுக்கு வரும் எண், ஐ.என்.ஆர்

சிறுவயதில் தொண்டை வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல். கவனிக்காமல் விட்டது 25, 30 வயதில் மூச்சிரைப்பாக வந்து நிற்கும். ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு கெட்டுப்போனவர்கள் நம் நாட்டில் இன்றும் ஏராளம். வயது குறைவாக இருப்பதால் இவர்களில் பலருக்கு நீண்ட காலம் உழைக்கும் மெக்கானிக்கல் வால்வைத்தான் பொருத்துகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிடியூட்டில் உருவாகி, 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வும் இந்த வகைதான்.

இந்த வால்வு தேயாது. ஆனால் ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள். ஹார்ட்-லங் மெஷினின் பிளாஸ்டிக் குழாய் சில மணி நேரம் செய்ததை, இது வாழ்நாள் முழுக்கச் செய்யும். எனவே ரத்தத்தை முழுசாக உறையவும் விடாமல், முழுசாக உறையாமலும் போகவிடாமல் நடுவிலே நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் மாத்திரை. நடுவில் நிற்கிறதா என்று சொல்வதுதான் ஐ.என்.ஆர்.

மருந்து சாப்பிடாத ஒருவருக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். அயோர்ட்டிக் வால்வு மாற்றியவருக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வு மாற்றியவருக்கு 2.5 முதல் 3.5. வால்வின் வகை, இதயத் துடிப்பின் ஒழுங்கு ஆகியவற்றைப் பொறுத்து டாக்டர் இதை மாற்றலாம். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயன் இல்லை.

ஏன் விநாடியை அப்படியே எழுதாமல் இப்படி ஒரு எண்? ஒவ்வொரு லேபும் வாங்கும் ரசாயனம் வேறு. மருந்து சாப்பிடாதவரின் ரத்தம் 12 விநாடியில் உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே நோயாளியின் ரத்தம் ஒரு லேபில் 36 விநாடியும், வேறு ரசாயனம் வைத்திருக்கும் லேபில் 21 விநாடியும் காட்டலாம். இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்து டோஸைக் கூட்டினால் ரத்தக்கசிவுதான் மிச்சம். ரசாயனத்தின் வீரியத்தைக் கணக்கில் சேர்த்தால் இரண்டுமே ஐ.என்.ஆர் 3 என்று வரும். உலக சுகாதார நிறுவனம் 1983-ல் இந்த முறையைக் கொண்டுவந்தது.

அப்படியும் லேபில் பிழை வரும். இந்த டெஸ்டுக்கான ரத்தத்தை வெளிர் நீல மூடி போட்ட டியூபில் எடுப்பார்கள். அதற்குள் இருக்கும் சிட்ரேட் திரவத்துக்கு ஒன்பது மடங்கு ரத்தம் சேர வேண்டும். டியூபில் குறித்திருக்கும் கோடு வரை நிரப்பாமல் பாதியில் விட்டால் ஐ.என்.ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். இரண்டு மாதமாக 2.8 இருந்தது, மாத்திரையோ சாப்பாடோ மாறாமல் திடீரென்று 5 என்று வந்தால், டாக்டரிடம் உடனே சொல்லிவிட்டு டெஸ்டைத் திரும்ப எடுப்பதும் நியாயம்தான்.

மாத்திரை தொடங்கியதும் எண் ஏறிவிட்டால் போதுமா?

போதாது. இந்த மாத்திரைகள் ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதங்களை ஒன்றும் செய்யாது, கல்லீரல் புதிதாகச் செய்வதைத்தான் தடுக்கும். பழையது தீர வேண்டும். ஏழாம் எண் புரதம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அதனால் ஐ.என்.ஆர் இரண்டு நாளிலேயே ஏறும். கட்டி உண்டாவதில் முக்கியமான புரோத்ராம்பின் தீர மேலும் சில நாட்கள் ஆகும். எண் ஏறியும் ஹெப்பாரின் ஊசியைத் தொடர்வது இதனால்தான். டோஸை மாற்றினாலும் பலன் தெரிய இரண்டு, மூன்று நாள் ஆகும். இன்று கூட்டிவிட்டு நாளை டெஸ்ட் எடுப்பதில் அர்த்தமில்லை.

எலி மருந்தா இது?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி இது. பாதி உண்மை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. 1933-ல் ஒரு விவசாயி செத்த பசுவையும், பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே கார்ல் லிங்க் குழு நடத்திய ஆராய்ச்சியில் பிறந்ததுதான் வார்ஃபரின். 1948-ல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. அளந்து கொடுத்தால் மருந்து. எலிக்கு யாரும் ஐ.என்.ஆர் பார்ப்பதில்லை.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு வால்வில் கட்டி விழுகிறது. அமைதியான இரவில் மெக்கானிக்கல் வால்வின் ‘டிக் டிக்’ சத்தம் நோயாளிக்கே கேட்கும். அந்தச் சத்தம் மங்கினாலோ, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் மரத்துப்போதல் வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. கறுப்பாக மலம் போவது, நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயங்கள். தலையில் அடிபட்டு வெளியே காயமே இல்லாவிட்டாலும்தான்.

கீரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் கீரையை அறவே ஒதுக்குவதைவிட, வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடுவது நல்லது. ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஒரே வாரத்தில் தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதுதான் எண்ணைத் தூக்கிப் போடும்.

கீரையைவிட ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குப் பலரும் தாங்களாகவே வாங்கும் மெட்ரோனிடசோல், படர்தாமரைக்குச் சாப்பிடும் ஃபுளுகோனசோல் இரண்டும் ஐ.என்.ஆரை வேகமாக ஏற்றிவிடும். வலி மாத்திரைகள் எண்ணை மாற்றாமலேகூட வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். வார்ஃபரினும் அசெனோகூமராலும் ஒன்றல்ல, மில்லிகிராம் கணக்கும் வேறு. “அது இல்ல, இது ரெண்டும் ஒண்ணுதான்” என்று கடைக்காரர் சொன்னால் வாங்கக் கூடாது.

குழந்தை பெற விரும்பும் பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம். தானாக நிறுத்தினால் வால்வு அடைபடலாம்.

டெஸ்டே தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதே?

இருக்கிறது, ஆனால் மெக்கானிக்கல் வால்வுக்கு இல்லை. டாபிகாட்ரான் மருந்தை வைத்து நடந்த சோதனையில் வார்ஃபரின் சாப்பிட்டவர்களைவிடக் கட்டியும் ரத்தக்கசிவும் அதிகமாக இருந்ததால், அது பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013-ல் வெளியானது. அபிக்சபான் மருந்தை ஒரு வகை அயோர்ட்டிக் வால்வில் சோதித்ததும் 2022-ல் அதேபோல் நிறுத்தப்பட்டது. விலங்குத் திசு வால்வு வைத்தவர்களுக்கு நிலைமை வேறு. வேறு காரணம் இல்லாவிட்டால் 3 முதல் 6 மாதத்தில் வார்ஃபரினையே நிறுத்திவிடலாம், அந்த வால்வு 10, 15 வருடத்தில் தேய்ந்து மறுபடி மாற்ற வேண்டி வரலாம் என்பது மட்டும்தான் அதற்கான விலை.

மெக்கானிக்கல் வால்வு வைத்தவர்கள் ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறையும், எண் நிலைத்த பிறகு மாதம் ஒருமுறையும் டெஸ்ட் எடுக்கிறார்கள். மாத்திரையை மாலையில் சாப்பிடச் சொல்வதும் இதற்காகத்தான். காலையில் ரத்தம் கொடுத்தால், ரிப்போர்ட் வந்து அன்றைய டோஸையே மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.